முடிவு மட்டும் லாரியில் இருந்தது

சேலத்தில் இறங்கிய அன்று மாலையே, சிபாரிசு செய்வதற்காக நான் கையோடு கொண்டுவந்த நாவலை மேட்டூருக்கு அனுப்பிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. எங்கள் தூத்துக்குடியில் கூட்டமான பேருந்து வந்தால் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையோ பையோ போட்டு இடம் பிடிப்போம். போட்டவருக்குத்தான் இடம், அதில் மறுபேச்சு கிடையாது. சேலத்திலும் அதே சட்டம்தான் என்பது நாலைந்து துண்டுகள் ஜன்னலுக்குள் பறந்ததைப் பார்த்ததும் புரிந்துபோனது. என் கையில் இருந்தது புத்தகம். எக்கி இருக்கையில் போட்டுவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் ஓடினேன்.

"ராசிபுரம்தானே?" என்று நடத்துநரைக் கேட்டேன்.

"மேட்டூருங்க. ராசிபுரம் அக்கட்டால நிக்குதுங்க."

சட்டென்று காலைப் பின்னால் வைத்தேன். அந்த நேரம் பார்த்து ஓட்டுநருக்கு என்ன அவசரமோ, வண்டி நகர்ந்துவிட்டது. நான் பிடித்த இடத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார். யாரையோ வழியனுப்ப வந்தவள் என்று நினைத்திருப்பார். நானும் கையை ஆட்டினேன், வேறென்ன செய்வது?

வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாததால் பக்கத்துத் தள்ளுவண்டியில் தட்டு வடை செட் வாங்கினேன். இரண்டு சின்னத் தட்டைகளுக்கு நடுவில் பீட்ரூட், கேரட் துருவல், வெங்காயம், காரச் சட்னி. அதை அப்படியே முழுசாக வாய்க்குள் தள்ள வேண்டும். கடித்துச் சாப்பிடலாம் என்று பார்த்தேன், பாதி சேலையில் விழுந்தது. "ஒட்டுக்காப் போட்டுக்கோணுங்க," என்றார் வண்டிக்காரர். இரண்டாவது செட்டில் கற்றுக்கொண்டேன். மூன்றாவதில் கோபம் போய்விட்டது.

எனக்குத் தொழில் மருந்துக்கடை. டாக்டர் சீட்டில் எழுதாத மாத்திரையை யாருக்கும் கொடுக்க மாட்டேன். புத்தகம் மட்டும் கேட்காதவர்களுக்கும் எழுதிக் கொடுப்பேன், மூன்று வேளைக்கும். அப்படி ஒரு வருடமாக நான் எல்லோருக்கும் கொடுத்துவரும் மருந்து 'மேலப்புது வளவு' என்கிற நாவல். விருதெல்லாம் வாங்கிய புத்தகம். எழுதியவர் பெயரைச் சொன்னால் அவருடைய பழைய நாவலைப் பற்றிய சண்டை தொடங்கிவிடும் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

அட்டையில் நாவல் என்று இருக்கும். பிரித்தால் தனித்தனிச் சிறுகதைகள். வளவு என்றால் ஒரே வாசலுக்குள் எதிரெதிராக இருக்கும் வாடகை வீடுகள், வீட்டுக்கு ஒரு கதை. அத்தனையிலும் அற்புதம் என்று ஒருத்தி வந்துபோகிறாள். ஒரு கதையில் புதுப்பெண், இன்னொன்றில் ஊர்ச்சண்டைக்காரி, வேறொன்றில் தண்ணீர்க் குடத்தோடு ஒரு வரியில் கடந்துபோவதோடு சரி. "இது நாவலே இல்லை, சிறுகதைத் தொகுப்பு" என்று என் நண்பர்கள் சிலர் சாதிக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் தட்டு வடை செட்டை வாங்கிக் கொடுக்க வேண்டும். தட்டையைத் தனியாக, துருவலைத் தனியாகத் தின்றுவிட்டு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிற கூட்டம் அது.

என்னை வரச்சொன்னவள் பூங்கொடி. நாமகிரிப்பேட்டைக்காரி. ஒரு புத்தகக் கண்காட்சியில் கடைசியாகக் கிடந்த ஒரே பிரதிக்காக நாங்கள் இருவரும் முறைத்துக்கொண்டதில் பழக்கம். அவள் வீட்டுக்காரர் செல்வராஜ் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார். மண்டியின் மாடி அறையில் பூங்கொடி ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறாள். போன தடவை தலையணை கனத்தில் ஒரு நாவலைத் தேர்ந்தெடுத்ததில் கூட்டத்துக்கு வந்தவர்களே நாலு பேர், அதில் இருவர் டீக்காக வந்தவர்கள். "நீங்க சொல்ற புஸ்தகத்த நம்பித்தான் இருக்கேங்க்கா, இதும் போச்சுன்னா வட்டமே போச்சு" என்று அவள் போனில் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. பதிப்பகத்தில் புத்தகம் தீர்ந்து, அடுத்த பதிப்புக்குக் காத்திருந்த நேரம். என் கடையில் பரிசளிக்க வைத்திருந்த ஒரே பிரதியை அவளுக்கு அனுப்பினேன். இன்னொன்று, நான் படித்துப் படித்து நைந்துபோனது. அதுதான் இப்போது அணையைப் பார்க்கப் போயிருந்தது.

ராசிபுரம் பேருந்தில் என் முன்னிருக்கையில் இரண்டு வடக்கத்திப் பையன்கள். நூற்பாலையில் வேலை போலிருக்கிறது. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். "அந்தப் பெரியவர் என்னைச் சாமி என்கிறார். நானும் அவரைச் சாமி என்கிறேன். இதில் யார் யாரைக் கும்பிட வேண்டும்?" என்று ஒருவன் கேட்டான். "சோறு போடுகிறவரைக்கும் கேள்வி கேட்காதே," என்றான் மற்றவன். இந்தப் பக்கம் பெரியவர்கள் சின்னப்பையனையும் செல்லமாகச் சாமி என்பார்கள். எங்கள் ஊரில் கூப்பிடும் விதமே வேறு, அதை எழுத முடியாது.

ராசிபுரத்தில் வண்டி மாறி, இருட்டும் நேரத்தில் நாமகிரிப்பேட்டை சேர்ந்தேன். பேருந்து நிற்கும் முன்பே மஞ்சள் வாசனை வந்துவிட்டது. பூங்கொடி வீட்டில் அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோறு, மேலே ராசிபுரத்து நெய். புளியும் தேங்காயும் இல்லாமல் எங்களுக்கு ஒரு வேளை இறங்காது. இங்கே இரண்டும் இல்லை, இரண்டும் வேண்டியிருக்கவும் இல்லை. நான் மூன்றாம் முறை வாங்கியதைச் செல்வராஜ் திருப்தியோடு பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்கக்கா, உங்ககிட்டயும் சொல்லிப்போடறேன். மஞ்ச வரத்து நெம்ப எச்சு. மூட்டை போட எடமில்ல. பூங்கொடிகிட்ட பேசிட்டேன். நாளைக்குக் கூட்டம் முடியறப்ப அடுத்த கூட்டத்துக்கு நாள் வெச்சாங்கன்னா மாடி அவிங்களுது. வெக்கலீன்னா மூட்டைக்கு."

"பாதி ரூமுல இப்பவே மூட்டை ஏத்தியாச்சுங்க்கா," என்றாள் பூங்கொடி. அவள் சிரித்தபடிதான் சொன்னாள், ஆனால் பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. மூன்று வருடமாக அந்த அறைக்கு வெள்ளையடித்து, பாய் வாங்கிப் போட்டு, மின்விசிறி மாட்டியவள் அவள். எனக்குப் பாவமாக இருந்தது.

மறுநாள் காலை மண்டியைச் சுற்றிக் காட்டினாள். தரை முழுக்கக் குவியல் குவியலாக மஞ்சள். வியாபாரிகள் ஒவ்வொரு குவியலிலும் ஒரு விரலியை எடுத்துப் படக்கென்று ஒடித்து, உள்ளே நிறத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஒன்றை ஒடித்துப் பார்த்தே மொத்தக் குவியலுக்கும் விலை சொல்லிவிடுவார்களாம். என்னையும் ஒன்று ஒடிக்கச் சொன்னாள். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

"அக்கா, புஸ்தகத்தையும் இப்படித்தான் பண்ணுனேன்," என்றாள்.

"எப்படி?"

"ஒரே புஸ்தகம், இத்தன பேரு. ஒருத்தர் படிச்சு அடுத்தவருக்குத் தாரதுக்குள்ள மாமாங்கம் ஆயிரும். அதான் கதை கதையாப் பிரிச்சு, ஆளுக்கொன்னு சாம்பிள் குடுத்துட்டேன். புடிச்சுதுன்னா எல்லாரும் புஸ்தகம் வாங்கிக்கலாம்னு."

மூட்டை வாய் தைக்கிறவரிடம் கொடுத்து, முதுகைப் பிரித்து, ஒவ்வொரு கதையையும் தனியாகச் சணல் நூலால் தைத்திருக்கிறாள். மிச்சமிருந்த அட்டையை எடுத்துக் காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் தோல். என்னிடம் இரவல் வாங்கும் பிள்ளைகள் பக்கத்தை மடித்தாலே கத்துகிறவள் நான்.

"பூங்கொடி, இது மஞ்சள் இல்லம்மா. மஞ்சள்ல ஒரு விரலி மாதிரிதான் இன்னொரு விரலி. இதுல ஒவ்வொரு கதையும் வேற. ஒண்ணை மட்டும் படிச்சா அற்புதத்தைத் தப்பாத்தான் நினைப்பாங்க. ஆளுக்கு வேற வேற கதைன்னாவது சொன்னியா?"

"சொல்லலையே. சாம்பிள்னா எல்லாருக்கும் ஒன்னுதானுங்களே." அவள் முகம் சுண்டிவிட்டது. "அப்ப கெடுத்துட்டனா?"

ஆமாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. குவியல்களுக்கு நடுவில் அவள் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு, "பார்ப்போம்," என்று மட்டும் சொன்னேன்.

மத்தியானம் மாடிக்குப் போனோம். பாதி அறையில் மஞ்சள் மூட்டைகள் கூரைவரை. மீதிப் பாதியில் பாய். ஆட்கள் எதிர்பார்த்ததைவிட நிறையவே வந்தார்கள். சின்னக் கதைதானே, படித்தாயிற்று என்ற தைரியம். பாயில் இடம் இல்லாதவர்கள் மூட்டைமேல் உட்கார்ந்தார்கள். கோழிப்பண்ணை வைத்திருக்கும் தனலட்சுமி பிஸ்கட்டுக்குப் பதிலாக ஒரு தூக்கு நிறைய அவித்த முட்டை கொண்டுவந்திருந்தார். நான் எங்கள் ஊர் மக்ரூனை எடுத்து வைத்தேன். முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சேர்ந்தது என்று பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப மஞ்சக்கரு எங்கீங்க போவுது?" என்றார் தனலட்சுமி, கவலையோடு. இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.

செல்வராஜ் அறையின் வாசற்படியில் ஒரு காலும் மாடிப்படியில் ஒரு காலுமாக நின்றார், எந்நேரமும் மூட்டைக்காரர்களைக் கூப்பிடத் தயாராக.

முதலில் பேசியவர் முத்துசாமி. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருப்பவர். "மொதல்ல ஒன்னும் புடிபடலைங்க. எத்தன அடி போயும் வெறும் பொகதான். கடேசிப் பக்கத்துல தண்ணி பீச்சிருச்சு," என்று ஆரம்பித்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஆனா அந்த அற்புதம் இருக்கறாளே, கல்நெஞ்சுக்காரிங்க. மழையில கொழந்தையத் தூக்கிட்டு ஒருத்தன் வந்து நிக்கறான், காச்சல்ங்கறான். மூஞ்சியப் பாத்துக்கிட்டே கதவச் சாத்தறா. இந்த மாதிரி பொம்பளையப் பத்தி ஒரு கதை தேவைங்களா?"

"ஏனுங்க, யாரச் சொல்றீங்க?" என்றார் தனலட்சுமி.

"அற்புதத்தத்தான்."

"நீங்க சரியாப் படிக்கலைங்க. அவ ஊட்டுக்குள்ள அப்ப அவ மகனுக்கு அம்மை. வேப்பல கட்டுனா வெளிய தெரிஞ்சிரும், ஊட்டு ஓனரு காலி பண்ணச் சொல்லிருவான்னு பயந்துக்கிட்டு யாருகிட்டயும் சொல்லாம இருக்கறா. அந்தக் கொழந்தைக்கு ஒட்டிக்கப்படாதுன்னுதான் கதவச் சாத்துனா. சாத்திப்போட்டு உள்ள உக்காந்து அழுவறாளே, அதப் படிக்கலையா நீங்க?"

"அப்படியெல்லாம் இதுல இல்லீங்க."

"இருக்குதுங்க."

இருவரும் கட்டுகளை நீட்டினார்கள். சணல் நூலில் தைத்த இரண்டு கட்டுகள், இரண்டிலும் வேறு வேறு தலைப்பு. உடனே எல்லோரும் தங்கள் கட்டை எடுத்துப் பக்கத்தில் இருப்பவருடையதோடு வைத்துப் பார்த்தார்கள். பூங்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

முத்துசாமி மட்டும் தனலட்சுமியின் கட்டை வாங்கி, அந்தப் பக்கத்தை உதடசைத்துப் படித்தார். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் ஒரு வாரமா அவளைத் திட்டிக்கிட்டிருக்கேங்க," என்றார். "ஊட்டுல சொல்லி, வண்டியில பசங்ககிட்டச் சொல்லி, எல்லாரையும் திட்ட வெச்சுட்டேன்." அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

அதன் பிறகு அங்கே நடந்ததை நான் எந்த இலக்கியக் கூட்டத்திலும் பார்த்ததில்லை. என் கதையில் அவள் இப்படி, உன் கதையில் எப்படி என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். எது முன்னால், எது பின்னால் என்று பக்க எண்ணைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவர் கதையில் காணாமல்போன குடை இன்னொருவர் கதையில் யார் தலைமேலோ போயிற்று. ஒருவர் கதையில் சும்மா இருமிய கிழவர் அடுத்தவர் கதையில் செத்தே போனார், இருமல் கதைக்காரர் அதிர்ந்துபோனார். "எங்காளப் பத்தி அப்படிச் சொல்லாதீங்க" என்று சண்டை வேறு. நான் இரண்டு பக்கத்துக்கு உரை எழுதி வந்திருந்தேன். ஒரு கதையில் சாத்திய கதவின் காரணம் இன்னொரு கதையில் இருக்கும், மனிதர்களும் அப்படித்தான், அதனால்தான் இதைப் படிக்க வேண்டும் என்று. பையைத் திறக்கவே இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கடைசிக்கு முந்தைய கதை பூங்கொடியிடம். அற்புதத்துக்கு ஒரு தம்பி. அவனால்தான் அந்தக் குடும்பம் நொடித்தது. செத்தாலும் அவன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று அவள் வளவுக்கே கேட்கச் சொன்னது பலர் கதையில் இருந்தது. பூங்கொடி மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அடைமழை. கதவைத் தட்டும் சத்தம். "அக்கா" என்று ஒரே ஒரு குரல். அற்புதம் எழுந்து போய்த் தாழ்ப்பாள்மேல் கையை வைக்கிறாள்.

"அப்பறம்?" என்றார் முத்துசாமி.

"அவ்வளவுதானுங்க எங்கிட்ட இருக்கறது."

"அடுத்த கதை யாருகிட்ட?"

யாரிடமும் இல்லை. பூங்கொடி நெற்றியில் தட்டிக்கொண்டாள். கடைசிக் கதை பழனிசாமியிடம். வாசிப்பு வட்டத்தில் இருக்கும் லாரி ஓட்டுநர். லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போயிருந்தார், கதையும் கூடவே போயிருந்தது. உடனே போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, பாயின் நடுவில் வைத்தார்கள். ஹாரன் சத்தங்களுக்கு நடுவே பழனிசாமி வந்தார்.

"படிச்சுட்டேனுங்க. படிச்சுப்போட்டு வண்டிய ஓரங்கட்டி, எறங்கிக் கொஞ்ச நேரம் நின்னுட்டு அப்பறந்தான் எடுத்தேன்."

"கதவத் தொறந்தாளா இல்லியா, அத மட்டும் சொல்லு," என்றார் முத்துசாமி.

"அதச் சொல்ல மாட்டேனுங்க. நீங்கெல்லாம் நேர்ல உக்காந்து சொல்லியிருக்கீங்க. நான் மட்டும் போன்ல சொன்னா அது நல்லா இருக்காதுங்க. எனக்கும் முடிவு மட்டுந்தான் தெரியும். அவ யாரு, அந்தத் தம்பி என்ன பண்ணுனான், ஒன்னும் தெரியாம வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன். ஞாயித்துக்கெழம வந்துர்றேன். எல்லாரும் மறுக்கா மொதல்ல இருந்து சொல்லுங்க. அப்பறம் நான் சொல்றேன்."

"அப்ப ஞாயித்துக்கெழம," என்றார் முத்துசாமி. யாரும் ஓட்டெடுக்கவில்லை. நாள் வைத்தாகிவிட்டது என்பது பூங்கொடிக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவள் திரும்பிச் செல்வராஜைப் பார்த்தாள்.

எப்போதிருந்தோ அவருடைய இரண்டு காலும் அறைக்குள் இருந்தன. "செரி," என்றார் அவர். "ஆனா ஞாயித்துக்கெழமையோட கதை முடிஞ்சுதல்ல? அப்பறம் என்ன பண்ணுவீங்க? மூட்டை இருந்த எடத்துலயே இருக்கட்டும்." இறங்கிப் போய்விட்டார். பூங்கொடிக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

அப்போதுதான் தனலட்சுமிக்கு என் ஞாபகம் வந்தது. "இந்தக்காவுக்குத் தெரியுமல்லங்க?" எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. "சொல்லிப்போடாதீங்க," என்று முத்துசாமி கையெடுத்துக் கும்பிட்டார். "பழனிசாமி கோவிச்சுக்குவான்." நான் ஒரு முழு முட்டையை வாயில் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் என்னால் நிம்மதியாக ஒரு காபி குடிக்க முடியவில்லை. மூட்டைமேல் உட்கார்ந்ததில் பட்ட மஞ்சள் கறை போகாத வேட்டியோடு முத்துசாமி வாசலில் நின்றார். "வாயத் தொறக்க வேண்டாம், தல மட்டும் ஆட்டுங்க," என்றார், நேற்று கும்பிட்ட அதே கையால் தாடையைச் சொறிந்துகொண்டு. அவர் போனதும் தனலட்சுமி முட்டை அட்டையோடு வந்தார். ஊருக்குக் கொண்டுபோகவாம். கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். இதற்குமேல் என்னை வைத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை வரை ரகசியம் தாங்காது என்று பூங்கொடியே வண்டியில் உட்காரவைத்து, ராசிபுரத்தில் சேலம் பேருந்து ஏற்றிவிட்டாள். "நல்லா நடந்துச்சுங்க்கா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி ஊரைத் தாண்டிய பிறகு போன் அடித்தது. செல்வராஜ்.

"ஏனுங்கக்கா, பஸ்ஸு கெடச்சுதுங்களா?"

"கிடைச்சுது தம்பி."

"உக்கார எடம்?"

"ஜன்னலோரமே கிடைச்சுது."

"நல்லதுங்க." பிறகு வெயிலைப் பற்றி ஒன்று சொன்னார். எங்கள் ஊரில் மஞ்சள் என்ன விலை என்று கேட்டார். நான் மருந்துக்கடைக்காரி என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். "பூங்கொடி இன்னும் வந்து சேரலைங்க," என்றார் குரலைத் தாழ்த்தி. "ஒன்னே ஒன்னு மட்டும். அந்தம்மா கதவத் தொறந்தாங்களா?"

என் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழமை பழனிசாமி வாராருல்ல. மாடியில போய் உக்காந்து கேளுங்க தம்பி."

"எங்கீங்க உக்காரது? பூராவும் மூட்டையாக் கெடக்குதே."

போனைக் காதிலிருந்து எடுக்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். இணைப்பை அவர் துண்டிக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. போனுக்குத் தள்ளி அவர் குரல் கேட்டது.

"ஏப்பா, மேல வாங்க ரெண்டு பேரு. மாடியில இருக்கற மூட்டையெல்லாம் கீழ எறக்கிருங்க. இல்லப்பா, பாதி இல்ல. பூராவும்."